ஒரே அளவு இறால்

அந்தப் பலகையை எழுதியது நான்தான். ‘இன்று காலை நம் கடலில் பிடித்தது’ என்று மேலே மலாயில், நடுவில் தமிழில், கீழே ஆங்கிலத்தில். சீனம் எழுத வராது என்பதால் அதற்கு மட்டும் நண்பர் ஒருவரைப் பிடித்தேன். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. இவ்வளவு அழகான கையெழுத்தில் நான் பொய் எழுதியது அந்த ஒரு முறைதான்.

பத்து வருஷம் ஆகிறது. பினாங்குத் தீவின் தென்கரையில், தெலுக் கும்பார் பக்கம் ஒரு சின்ன மீன்பிடிக் கம்பம். பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, பெயர் கெடுவது அவர்களுடையதாக இருக்கக்கூடாது. முப்பது நாற்பது வீடுகள், மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள், வலை உலர்த்தும் கொட்டகை ஒன்று. ஜார்ஜ் டவுனிலிருந்து சனிக்கிழமை காலைகளில் மோட்டார் சைக்கிளில் அங்கே போய் மீன் வாங்குவது என் வழக்கம். சந்தையில் வாங்கினால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைதான். ஆனால் படகு கரையேறும்போது பக்கத்தில் நின்று, கூடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற சுகம் சந்தையில் கிடைக்காது.

அங்கே எனக்குப் பழக்கமானவர் ஒரு முதிய மீனவர். நான் அவரை ‘பாக் சிக்’ என்பேன், அவர் என்னை ‘சிக்கு’ என்பார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் அந்தச் சொல் வலைக்கும் தலைமுடிக்கும் நேர்கிற கதியைக் குறிக்கும் என்று ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு அவர் அழைக்கும் தொனியில் ஒரு குறும்பு சேர்ந்துகொண்டது.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பத்துக்காரர்கள் தங்களுக்குள் ஒரு விருந்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பானை. ஒரு வீட்டில் இறால் சம்பல், இன்னொன்றில் புளி தூக்கலான மீன் குழம்பு, மற்றொன்றில் வாழையிலையில் மடித்துச் சுட்ட மீன். ஆம்பளைகள் தார்ப்பாய் கட்டுவார்கள். என்னைப் போல மீன் வாங்க வருகிற இருபது முப்பது பேருக்கும் அழைப்பு உண்டு. விருந்துக்கு நாள் குறிப்பதில்லை. இறால் நன்றாகப் படுகிற சமயத்தில், முதல் நாள் ராத்திரி யாராவது போன் போடுவார்கள்: “நாளைக்கு வாங்க.” அவ்வளவுதான். இரண்டு முறை என்னால் போக முடியவில்லை. முன்கூட்டியே சொல்லத் தெரியாத ஆட்கள் என்று எனக்கு அப்போது எரிச்சல்கூட வந்தது.

அந்த வருஷம் ஜூன் மாதம் மலாக்காவுக்குப் போயிருந்தேன். உஜோங் பாசிரில் போர்த்துகீசியர் குடியிருப்பு இருக்கிறது. ஜூன் 29 அங்கே சான் பெட்ரோ திருவிழா. புனித பேதுரு மீனவர். அவரே அவர்களுக்குக் காவல். படகுகளைத் தோரணமும் விளக்கும் கட்டி அலங்கரிப்பார்கள், பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும் சுட்ட மீன் வாசமும். அந்தச் சமூகத்துக்கே ‘கெராகோ’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெலாச்சான் இடிக்கிற பொடி இறாலின் பெயர் அது. கரையோரத் தண்ணீரில் நடந்தே தள்ளுவலையால் அதை அள்ளிப் பிழைத்தவர்கள். இப்போது அவர்கள் குடியிருப்புக்கு எதிரே கடலை மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். படகுகள் மின்விளக்கில் ஜொலிக்கின்றன, கடல் தள்ளிப் போய்விட்டது. இதையெல்லாம் பார்த்தும் என் மண்டையில் ஏறியது கூட்டம் மட்டும்தான். அவ்வளவு கூட்டம். நம் தென்கரைக்கு ஏன் இது கூடாது?

திரும்பி வந்ததும் நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்தேன். ஆசிரியனுக்குத் திட்ட அறிக்கை எழுதத் தூண்டுதல் வேண்டுமா? தலைக்கு இருபத்தைந்து வெள்ளி, இருநூறு பேர், பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. எல்லாம் கட்டம் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பாக் சிக்கின் வீட்டுச் சுவரில் குதிரைக் காலண்டர் தொங்கியது. பந்தயக் குதிரை படம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சீனர் திதி, இஸ்லாமியத் தேதி என்று பொடி எழுத்தில் நிரம்பி வழியுமே, மலேசிய வீடுகளில் பாதியில் இருக்கும், அதுதான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சனிக்கிழமையை விரலால் தொட்டார்.

“அன்னைக்கு ஆயேர் மாத்தி, சிக்கு.”

ஆயேர் என்றால் தண்ணீர். மாத்தி என்றால் செத்தது. எனக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு. குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறது, பழுது பார்க்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டேன்.

“அதுக்கென்ன பாக் சிக், தண்ணி லோரிக்குச் சொல்லிடலாம்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்பக்கம் திரும்பி, காப்பி கொண்டு வரச் சொன்னார். நான் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா வேறு. “அன்னைக்கு நவமிடா. வேற நாளே கெடைக்கலையா?” அம்மாவுக்கு அஷ்டமி, நவமி இரண்டும் ஆகாது. முடி வெட்டக்கூட விடமாட்டார். “இறாலுக்கு ராகுகாலம் உண்டாம்மா?” என்று கேட்டுச் சிரித்தேன். பேத்திகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

செத்த தண்ணீர் என்றால் என்னவென்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். பினாங்குக் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசையும் பௌர்ணமியும் வரும்போது நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. தண்ணீர் உயர ஏறி, ஆழ இறங்கும், ஓட்டம் வேகம் பிடிக்கும். இது ஆயேர் பெசார், பெரிய தண்ணீர். அரை நிலவு நாளில் இரண்டும் குறுக்காக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு. அரை நிலவு கழிந்த ஓரிரு நாளில் கடல் சோம்பிக் கிடக்கும். அதுதான் ஆயேர் மாத்தி. பாக் சிக் சொல்வது இது: ஓட்டம் இருந்தால் சேறு கலங்கும், இறால் கிளம்பி நீரோடு அலையும், மூன்றடுக்கு வலையில் வந்து மாட்டும். ஓட்டம் செத்தால் இறால் சேற்றுக்குள் படுத்துக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து வலை கண்ணுக்குத் தெரியும். கடலில் இருநூறு பேருக்கு இறால் இல்லாமல் இல்லை. அந்த நாளில் எழுந்து வரமாட்டாது, அவ்வளவுதான்.

அரை நிலவு நாள் எது? அஷ்டமி. கழிந்த மறுநாள்? நவமி. அம்மாவும் பாக் சிக்கும் ஒரே நாளைக் காட்டி வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதற்காக அம்மாவின் நவமிக்கும் கடலுக்கும் முடிச்சுப் போட்டு, முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர் என்று புலனத்தில் அனுப்பும் கூட்டத்தில் நான் சேரத் தயாரில்லை. நம்மூர் ஹொக்கியன் சீனர்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய நாள் விண்ணுலகப் பேரரசரின் பிறந்தநாள். புத்தாண்டின் ஒன்பதாம் நாள் அது. முந்தின இரவு சியூ ஜெட்டியில் கரும்பு கட்டிப் படையல் நீளும். அவர்கள் கணக்கில் ஒன்பதாம் நாள் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ வளர்பிறை நவமி! அவர்கள் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. நான் சொல்ல வருவது வேறு. இரண்டு பேர் ஒரு நாளைப் பற்றி ஏதோ சொன்னார்கள். ஏன் என்று இருவரிடமும் நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை படகுகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்தால் இறால் நான்கு கிலோ. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. கொஞ்சம் கெலாமா, நாலைந்து காலா மீன், நண்டு ஒரு வாளி. என் கையில் இருநூற்றுப் பத்துச் சீட்டு விற்ற பணம். சீட்டில் நானே அச்சடித்திருந்த வாசகம்: ‘கடலிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு.’

வெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன் போட்டேன். பதினொரு மணிக்கு லோரி வந்தது. பெருநிலத்தில் ஏதோ ஒரு குளத்தில் வளர்ந்த வனாமி இறால், ஐஸ் பெட்டியில் அறுபது கிலோ. தீவுக்கு இரண்டாம் பாலம் திறந்திருந்ததால் சுற்ற வேண்டியதில்லை. பத்து மாவுங்கில் இறங்கி நேராக வந்துவிட்டது. மலாயில் ஒரு பழமொழி உண்டு, பாறைக்குப் பின்னால் இறால் இருக்கிறது என்று. உள்நோக்கத்தோடு பேசுகிறவனைச் சொல்வது. எங்கள் இறாலுக்குப் பின்னால் லோரி இருந்தது.

பாக் சிக்கும் அவர் மனைவியும் கொட்டகை ஓரமாக நின்று பெட்டிகள் இறங்குவதைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் தோல் உரிக்க ஆள் சேர்த்தார். விடிய விடிய உரித்தார்கள். காலையில் பலகையைத் தூணில் நான் மாட்டியபோது பாக் சிக் வந்து நின்று மலாய் வரியை வாய்விட்டுப் படித்தார். முதல் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக. படித்துவிட்டு நாற்காலி அடுக்கப் போனார்.

விருந்து என்னவோ நன்றாகத்தான் நடந்தது. சமையலில் குறையே இல்லை. குளத்து இறாலை அந்தப் பெண்கள் சம்பலில் போட்டு எங்கேயோ கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தது. நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பாரம்பரியம், கடல், உழைப்பு என்று என்னென்னவோ பேசினேன். வந்தவர்கள் பாக் சிக்கைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். ஓர் இளைஞன் கேட்டது என் காதில் விழுந்தது: “இதெல்லாம் எந்தப் பக்கம் பிடிச்சீங்க, பாக் சிக்?”

“சிக்குவைக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்.”

அவர் பொய் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

மதியம் போல ஒரு சீனப் பாட்டி என்னைக் கைகாட்டி அழைத்தார். வெல்ட் கீ பக்கத்து ஜெட்டி ஒன்றில் பிறந்து வளர்ந்தவராம். அப்பா, கணவர் எல்லாரும் கடலுக்குப் போனவர்களாம். சம்பலைத் தொடவில்லை. ஆவியில் வேகவைத்த இறாலில் ஐந்தை எடுத்துத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார். தலை ஒரு கோடு, வால் ஒரு கோடு. அளவுகோல் வைத்து நறுக்கியது போல.

“சிக்கு, இவங்கல்லாம் உங்க வகுப்பா?”

எனக்குப் புரியவில்லை.

“எல்லாம் ஒரே வயசு. ஒரே நாள்ல சேர்ந்து, ஒரே நாள்ல பாஸ் பண்ணியிருக்காங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பற்கள் குறைவு, சிரிப்பு பெரிது. கடலில் வலை போட்டால் பெரிதும் சிறிதுமாக, வெள்ளையும் வரியும் கலந்து, நடுவே நண்டும் பெயர் தெரியாத குஞ்சும் சிக்கி வரும். ஒரே நாளில் குஞ்சு விட்டு, ஒரே தீனி போட்டு, ஒரே நாளில் வாரிய குளத்தில்தான் இப்படிச் சீருடை போட்ட மாதிரி வரும். முப்பது வருஷம் பிள்ளைகளை உயரவாரியாக வரிசையில் நிறுத்தியவன் நான். அந்த ஐந்து இறாலும் என் கண்ணில் படவில்லை. பாட்டி அவற்றை ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்டார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது, “சமையல் நல்லாருக்கு,” என்று அடுப்படிப் பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டுப் போனார்.

செலவு போக மிச்சம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. உறையில் போட்டு பாக் சிக்கிடம் கொடுத்தேன். அவர் மனைவி உள்ளே போய் ஞெகிழிப் பையில் ஒரு பெலாச்சான் கட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “இது எங்களோடது,” என்றார். வழக்கமாகச் சொல்கிற சொல்தான். அன்றைக்கு அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. அடுத்த சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். மீனைச் சந்தையில் வாங்கினேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

மூன்று மாதம் கழித்து மாசி மகம் வந்தது. அம்மாவைத் தெலுக் பஹாங்குக்கு அழைத்துப் போனேன். பத்து ஃபிரிங்கியின் ஹோட்டல்கள் எல்லாம் முடிந்து, சாலை வளைந்து வளைந்து போய்ச் சேர்கிற மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கிய கரைகளில் அதுவும் ஒன்று. மலேசியாவில் அன்றைக்கு இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். அந்தக் கடலுக்கே ஆண்டுதோறும் சிங்கமுகக் காளியம்மன் கோவிலிலிருந்து அம்மன் புறப்பட்டு வருகிறாள். கரைக்கு வந்து, தெப்பத்தில் ஏறி, கடலுக்குள் போகிறாள். சனங்கள் சின்னச் சின்ன விளக்குகளை ஏற்றித் தண்ணீரில் விடுகிறார்கள். மீனவர் ஊரில் நடக்கிற திருவிழா. ஆனால் நம் ஆட்கள் யாரும் அன்றைக்கு மீன் தொடமாட்டார்கள். அன்னதானத்தில் சாம்பாரும் பொரியலும்தான். எனக்கு அது அன்றைக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கடலோர விழா, தட்டில் இறால் இல்லை, பலகையும் இல்லை.

தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. நாங்கள் செருப்புக் கழற்றிப் போட்ட இடம் வரை வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. நான் பதறி ஓடிப் பொறுக்கினேன். படகைப் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் சிரித்தார்.

“இன்னைக்கு ஆயேர் பெசார்.”

பெரிய தண்ணீர். அப்படியானால் செத்த தண்ணீர் என்பது? ஈரச் செருப்போடு நின்றேன். தண்ணி லோரிக்குச் சொல்லிடலாம் என்று நான் சொன்னதும், பாக் சிக் என்னைப் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தன. “பௌர்ணமின்னா கடல் பொங்கத்தானே செய்யும்,” என்றார் அம்மா, என் முகத்தைப் பார்த்து. “இது கூடவா தெரியாது வாத்தியாருக்கு?”

அந்த வாரமே தென்கரைக்குப் போனேன். சொல்ல வேண்டியதைப் படகோரமாக நின்று சொல்லிவிட்டேன். மலாயில் மன்னிப்புக் கேட்கும் சொற்கள் எனக்கு நிறையத் தெரியும். எல்லாவற்றையும் பயன்படுத்தினேன். பாக் சிக் வலையில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார்.

“நாள் தப்பினா பரவாயில்ல, சிக்கு. எங்களுக்கும் தப்பும். தண்ணி லோரி கதையை நாங்க இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.” கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது வந்தது. “குளத்து இறால்னு எழுதியிருந்தா யாரு சாப்பிடாமப் போயிருப்பா? எங்க பொம்பளைங்க சமைச்சது. பலகையில நம்ம கடல்னு எழுதினீங்க. எங்க கடல் அன்னைக்கு ஒண்ணும் தரல.”

பிறகு காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தார். இஸ்லாமியத் தேதியும் பிறைக் கணக்குதான். பதினைந்தென்றால் முழு நிலவு. ஏழு, எட்டு வந்தால் தண்ணீர் தளரத் தொடங்கும், இருபத்திரண்டு இருபத்து மூன்றில் மறுபடியும். பக்கத்து வீட்டுச் சீனருக்கும் அதே கணக்கு, எழுத்துதான் வேறு. நான் பையிலிருந்து அம்மாவின் தினசரிக் காலண்டரை எடுத்து அஷ்டமியைக் காட்டினேன். அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று கணக்கும் மேசையில் கிடந்தன. நான் நாள் குறித்தது நான்காவதில், பள்ளிக்கூடக் காலண்டரில்.

விருந்து பழையபடி சிறுத்துவிட்டது. முதல் நாள் ராத்திரிதான் சொல்கிறார்கள், இப்போது புலனத்தில். சில வருஷம் நடப்பதில்லை. கடலும் மாறிக்கொண்டிருக்கிறது. தென்கரையில் 3 செயற்கைத் தீவுகள், 4,500 ஏக்கர் என்று வந்த திட்டம், வழக்கும் மேல்முறையீடுமாக இழுபட்டு, 2023 மே மாதம் ஒரு தீவாக, 2,300 ஏக்கராகச் சுருங்கியது. அந்த ஆண்டே மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். கரையில் நின்று மேற்கே பார்த்தால் வழக்கமான கடல், கிழக்கே பார்த்தால் பாரந்தூக்கிகள். நகரத்துக்கு வேலை வேண்டும், வீடு வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், என் பேத்தியே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். ஆனாலும் அந்தத் திட்டத்தின் படங்களில் கடலுக்குப் போட்டிருக்கும் நீல வண்ணம் எங்கும் ஒரே சீராக இருப்பதைப் பார்க்கும்போது, பாட்டி தட்டில் அடுக்கிய இறால்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பாக் சிக் இப்போது கடலுக்குப் போவதில்லை, மகன் போகிறான். போன விருந்துக்கு மகன்தான் செய்தி அனுப்பினான். எழுத்தே இல்லை, ஒரு கூடையின் படம் மட்டும். விரல் நீள இறால், அதன்மேல் உள்ளங்கை நீளத்தில் ஒன்று, நடுவே வரி இறால் இரண்டு, ஒரு நண்டுக் கால். காலையில் போனதும் அவன் அம்மா என் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார். பழைய பலகைதான். மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். கூடவே ஒரு சாக்பீஸ் டப்பா.

“என்னம்மா எழுத?”

“இருக்கிறதை.”

இறால், கெலாமா, காலா, நண்டு என்று எழுதினேன். மூன்று மொழியிலும். பதினொரு மணிக்குள் காலா தீர்ந்தது. உள்ளங்கையால் அழித்தேன்.